எளியோருக்கும் மருத்துவக் காப்பீடு: விரிவாக்கமும் போலிகளிடமிருந்து பாதுகாப்பும்

உழைத்துச் சேர்த்த பொருளை ஒரே வாரத்தில் கரைத்துவிடும் ஆற்றல் நோய்க்கு உண்டு. பயிர் பொய்த்தால் அடுத்த பருவத்தை எதிர்நோக்கலாம். தொழில் நொடித்தால் வேறு தொழில் தேடலாம். ஆனால் குடும்பத்தில் ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட நேரிடும்பொழுது, செலவு பெருகுகிறது; அதே வேளையில் வருவாயும் நின்றுவிடுகிறது. நகையை அடகு வைத்தும், கால்நடையை விற்றும், வட்டிக்குக் கடன் பெற்றும் மருத்துவம் செய்துகொண்ட குடும்பங்கள் மீண்டும் தலைநிமிரப் பல ஆண்டுகள் ஆகின்றன.

தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, 2013-14-ஆம் ஆண்டில் நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் 64.2 விழுக்காட்டை மக்கள் தம் கையிலிருந்தே நேரடியாகச் செலுத்தினர். 2021-22-ஆம் ஆண்டில் இது 39.4 விழுக்காடாகக் குறைந்தது. இது பாராட்டத்தக்க முன்னேற்றமே. எனினும், நூறு ரூபாயில் ஏறத்தாழ நாற்பது ரூபாய் இன்னும் நோயுற்றவரின் சட்டைப் பையிலிருந்தே வந்தது என்பதையும் இது காட்டுகிறது. இச்சுமையைப் பலரிடையே பகிர்ந்தளிக்கும் வழிகளுள் ஒன்று மருத்துவக் காப்பீடு. அது எளியோருக்கும் எட்ட வேண்டும்; எட்டும்பொழுது அது மெய்யான காப்பீடாகவும் இருக்க வேண்டும். இவ்விரண்டு தேவைகளையும் ஒருங்கே ஆராய்வது பயனுடையதாகும்.

காப்பீட்டின் அடிப்படைக் கணக்கு

காப்பீடு என்பது சேமிப்பும் அன்று, நன்கொடையும் அன்று. யாருக்கு எப்பொழுது வரும் எனத் தெரியாத ஒரு பெருஞ்செலவை, எல்லோரும் செலுத்தும் சிறு தொகைகளைக் கொண்டு ஈடு செய்யும் ஏற்பாடே அது. எளிய எடுத்துக்காட்டு ஒன்றினால் இதனை விளக்கலாம்.

ஓர் ஊரில் 1,000 குடும்பங்கள் உள்ளன எனக் கொள்வோம். ஆண்டுதோறும் அவற்றுள் 20 குடும்பங்களில் ஒருவர் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுகிறார். சராசரிச் செலவு ரூ.50,000. ஆண்டின் மொத்தச் செலவு ரூ.10 லட்சம். இதனை 1,000 குடும்பங்களும் பகிர்ந்துகொண்டால் குடும்பத்திற்கு ரூ.1,000 ஆகும். நிர்வாகச் செலவுக்கு ரூ.200 சேர்த்தால், பிரிமியம் ரூ.1,200 என்றாகிறது. ரூ.50,000 செலவைத் தனியே தாங்க இயலாத குடும்பம் ரூ.1,200-ஐத் தாங்கிக்கொள்ளும்.

இனி, உடல்நலமுள்ள குடும்பங்கள் "நமக்கெதற்கு?" என விலகிவிட்டால் என்ன நேரும் என்பதைக் காண்போம். 200 குடும்பங்கள் மட்டுமே சேர்கின்றன. ஆனால் சிகிச்சை தேவைப்படும் 20 குடும்பங்களுள் 16 அவற்றில் அடங்கியுள்ளன. செலவு ரூ.8 லட்சம். பங்கு, குடும்பத்திற்கு ரூ.4,000. பிரிமியம் உயர்ந்ததும் மேலும் சிலர் விலகுவர். எஞ்சியோரின் பங்கு மேலும் ஏறும். நோயுற்றோர் மட்டுமே சேரும் காப்பீடு நெடுநாள் நிலைப்பதில்லை. எனவேதான், எல்லோரையும் ஒருசேரச் சேர்ப்பதும், சேர இயலாதோரின் பங்கை அரசே ஏற்பதும் இன்றியமையாதனவாகின்றன.

இக்கணக்கு மற்றோர் உண்மையையும் உணர்த்துகிறது. அதே ஊரில் ஒருவர் வந்து, குடும்பத்திற்கு ரூ.300 செலுத்தினால் முழுச் சிகிச்சைச் செலவையும் தருவதாகக் கூறுகிறார் எனக் கொள்வோம். 1,000 குடும்பங்களும் செலுத்தினாலும் அவர் கையில் சேருவது ரூ.3 லட்சம் மட்டுமே. கொடுக்க வேண்டியதோ ரூ.10 லட்சம். வேறெவரும் மானியம் அளிக்காத நிலையில், அவரால் வாக்கைக் காப்பாற்ற இயலாது. அளவுக்கு மீறி மலிவாகக் கிடைக்கும் காப்பீட்டைக் கண்டு மகிழ்வதைவிட ஐயுறுவதே அறிவுடைமையாகும்.

வளர்ச்சியின் படிகள்

சுதந்திர இந்தியாவில் இத்துறையில் எடுத்து வைக்கப்பட்ட முதற்பெரும் அடி, 1948-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டமாகும். இ.எஸ்.ஐ. என மக்கள் வழங்கும் இத்திட்டம், 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கப்பட்டது. முதலாளியும் தொழிலாளியும் ஊதியத்தின் ஒரு பகுதியைச் செலுத்த, தொழிலாளியின் குடும்பத்திற்கு மருத்துவ வசதியும், நோயுற்ற காலத்தில் தொழிலாளிக்குப் பண உதவியும் கிடைக்கச் செய்வதே இதன் நோக்கம். இத்திட்டத்தில் சேர்வதற்கான மாத ஊதிய உச்சவரம்பு 2017 ஜனவரி முதல் ரூ.21,000 என உயர்த்தப்பட்டது. 2019 ஜூலையில் மொத்தச் சந்தா 6.5 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இதில் முதலாளியின் பங்கு 3.25, தொழிலாளியின் பங்கு 0.75. மத்திய அரசு ஊழியர்களுக்கான சுகாதாரத் திட்டம் 1954-இல் தொடங்கியது.

இவ்விரண்டும் ஆலை, அலுவலகம் ஆகியவற்றில் முறையாகப் பணிபுரிவோருக்கே பயன்பட்டன. உழவர், கூலித் தொழிலாளர், கைவினைஞர், சிறு வணிகர் ஆகியோர் வெளியே நின்றனர். 1973 ஜனவரி முதல் பொதுக் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையாக்கப்பட்டு, 107 நிறுவனங்கள் நான்கு அரசு நிறுவனங்களாக ஒருங்கிணைக்கப்பட்டன. அந்நிறுவனங்கள் 1986-இல் 'மெடிக்ளெய்ம்' என்னும் பாலிசியை அறிமுகம் செய்தன. தனிமனிதர் விரும்பி வாங்கும் மருத்துவக் காப்பீடு இதன் வாயிலாகவே பரவத் தொடங்கியது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையம் உருவாகி, தனியார் நிறுவனங்களும் இத்தொழிலில் அனுமதிக்கப்பட்டன.

பிரிமியத்தை அரசே ஏற்கும் முறை

ஏழைக் குடும்பங்களுக்குப் பிரிமியம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் சுமையே. இதனை உணர்ந்து சில மாநிலங்கள் வழிகாட்டின. கர்நாடகத்தில் 2003-இல் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களான உழவர்களுக்காக 'யசஸ்வினி' திட்டம் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் ஓர் உறுப்பினர் ஆண்டுக்கு ரூ.60 செலுத்தி, அறுவைச் சிகிச்சைகளுக்குப் பாதுகாப்புப் பெற்றார். ஆந்திரப் பிரதேசத்தில் 2007-இல் 'ஆரோக்கியஸ்ரீ' திட்டமும், தமிழ்நாட்டில் 2009-இல் உயிர் காக்கும் உயர் சிகிச்சைகளுக்கான காப்பீட்டுத் திட்டமும் நடைமுறைக்கு வந்தன.

தேசிய அளவில், வறுமைக் கோட்டிற்குக் கீழ் வாழும் குடும்பங்களுக்காக ராஷ்ட்ரீய ஸ்வஸ்த்ய பீமா திட்டம் 2008-இல் நடைமுறைக்கு வந்தது. ரூ.30 பதிவுக் கட்டணம் செலுத்திய குடும்பத்தில் ஐவர் வரை ஆண்டுக்கு ரூ.30,000 வரையிலான சிகிச்சையைப் பணம் செலுத்தாமலே பெறலாம் என்பது அதன் ஏற்பாடு. கைரேகை பதிந்த மின்னணு அட்டை வழங்கப்பட்டது. எழுத்தறியாத தொழிலாளியும் வேற்றூரில் சிகிச்சை பெற இது வழி வகுத்தது. ஆனால் இருதய அறுவை, புற்றுநோய்ச் சிகிச்சை போன்றவற்றுக்கு ரூ.30,000 போதுமானதாக இல்லை.

இக்குறையைக் களையும் பொருட்டு, ஆயுஷ்மான் பாரத் பிரதம மந்திரி ஜன் ஆரோக்கியத் திட்டம் 2018 செப்டம்பர் 23 அன்று ராஞ்சியில் தொடங்கி வைக்கப்பட்டது. குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்குப் பாதுகாப்பு அளிக்கப்படுகிறது. குடும்ப உறுப்பினர் எண்ணிக்கைக்கோ வயதுக்கோ வரம்பு இல்லை. முன்னரே உள்ள நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே சிகிச்சை உண்டு. 2011-ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பின் அடிப்படையில் 10.74 கோடி குடும்பங்கள் முதலில் தெரிவு செய்யப்பட்டன. செலவைப் பெரும்பாலான மாநிலங்களில் மத்திய, மாநில அரசுகள் 60:40 என்னும் விகிதத்தில் ஏற்கின்றன; வடகிழக்கு, இமயமலை மாநிலங்களில் இது 90:10 ஆகும். 2024 அக்டோபர் முதல், 70 வயது நிரம்பிய அனைவருக்கும் வருவாய் வேறுபாடின்றி இத்திட்டம் விரிவுபடுத்தப்பட்டது.

இத்திட்டத்தின் எல்லையையும் மாணவர் அறிதல் வேண்டும். மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே இது பயன்படும். நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மாதந்தோறும் வாங்கும் மருந்துச் செலவை இது ஈடு செய்வதில்லை. ஆகவே, காப்பீடு எத்துணை விரிந்தாலும், ஆரம்ப சுகாதார நிலையங்களும் அரசு மருத்துவமனைகளும் வலுப்பெறுவது அதற்கு மாற்றாகாத தனித் தேவையாகும்.

இடையில் நிற்போர்

ஏழைகளுக்கு அரசுத் திட்டம் உண்டு. நிறுவன ஊழியர்களுக்கு ஈட்டுறுதியோ குழுக் காப்பீடோ உண்டு. செல்வர்கள் தாமே பாலிசி வாங்குவர். இம்மூன்று வகையிலும் சேராதோர் ஏராளம். நிதி ஆயோக் 2021 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, மக்கள்தொகையில் குறைந்தது 30 விழுக்காட்டினர், அதாவது 40 கோடிப் பேர், எவ்விதச் சுகாதார நிதிப் பாதுகாப்புமின்றி இருந்ததாகக் கணித்தது. சிறு கடைக்காரர், வாடகை வண்டி ஓட்டுநர், சொந்தத் தறி வைத்திருப்போர், நடுத்தர உழவர் போன்றோர் இவ்வகையினர். ஏழைகள் பட்டியலில் இடம்பெறும் அளவுக்கு இவர்கள் வறியவர் அல்லர். சந்தை விலையில் பாலிசி வாங்கும் அளவுக்கு வசதியும் பெற்றவர் அல்லர்.

இவர்களுக்குக் காப்பீட்டை எட்டச் செய்யும் பொருட்டுச் சில நடவடிக்கைகள் எடுக்கப்பட்டுள்ளன. 2020 ஏப்ரலில் 'ஆரோக்கிய சஞ்சீவினி' என்னும் பொதுவான பாலிசி அறிமுகமாயிற்று. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் நிபந்தனைகள் ஒன்றே என்பதால், விலையை மட்டும் ஒப்பிட்டு வாங்க இது உதவுகிறது. 2024 ஏப்ரல் முதல், 65 வயதைக் கடந்தோருக்குப் புதிய பாலிசி மறுக்கப்படுவதற்கு இடமளித்த வயது வரம்பு நீக்கப்பட்டது. முன்னரே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பு 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. தொடர்ந்து 60 மாதங்கள் நடப்பில் இருந்த பாலிசியில், மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி, பழைய விவரத்தை மறைத்ததாகக் கூறி இழப்பீட்டை மறுக்க இயலாது என்னும் விதியும் ஏற்பட்டது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு விதிக்கப்பட்டிருந்த 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது.

போலிகளின் வகைகள்

காப்பீட்டை நாடுவோர் பெருகும்பொழுது, அவர்தம் தேவையையும் அறியாமையையும் மூலதனமாகக் கொள்வோரும் பெருகுவர். பிற பொருள்களில் கலப்படம் வாங்கிய அன்றே தெரிந்துவிடக்கூடும். போலிக் காப்பீடோ நோய் வரும் நாள்வரை மெய்யானது போலவே காட்சியளிக்கும். ஆண்டுதோறும் பிரிமியம் செலுத்தி அட்டையைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த குடும்பம், நோயாளியை மருத்துவமனை வாயிலில் நிறுத்திய பின்னரே ஏமாற்றத்தை அறிகிறது. அதற்குள் வேறு நல்ல பாலிசியில் சேரும் வாய்ப்பும் நழுவிவிடுகிறது. இழந்த பிரிமியத்தைவிட இவ்விழப்பே பெரிது.

முதல் வகை, முற்றிலும் போலியான பாலிசி. பெயர் பெற்ற நிறுவனத்தின் சின்னத்தைப் போன்ற சின்னத்தை அச்சிட்டு, பணத்தைத் தம் சொந்தக் கணக்கில் பெற்றுக்கொண்டு, செல்லாத காகிதத்தைக் கொடுத்துவிடுவர்.

இரண்டாம் வகை, தள்ளுபடி அட்டை. குறிப்பிட்ட மருத்துவமனைகளிலும் பரிசோதனைக் கூடங்களிலும் கட்டணத்தில் ஒரு பகுதி குறைக்கப்படும் என்பதே அதன் பொருள். இது தன்னளவில் குற்றமன்று. ஆனால் அதனைக் 'காப்பீடு' எனக் கூறி விற்பது ஏமாற்றேயாகும். தள்ளுபடி போக எஞ்சிய தொகை முழுவதையும் நோயாளியே செலுத்த வேண்டும்.

மூன்றாம் வகை, தொலைபேசி வாயிலாக நிகழ்வது. ஒழுங்குமுறை ஆணையத்திலிருந்து பேசுவதாகக் கூறி, பழைய பாலிசிக்குப் போனஸ் வந்திருப்பதாகவும், அதனைப் பெறப் புதிய பாலிசி எடுக்க வேண்டுமெனவும் வற்புறுத்துவர். ஆணையம் பாலிசி விற்பதுமில்லை, போனஸ் அறிவிப்பதுமில்லை. இதனை ஆணையமே பலமுறை பொது அறிவிப்பாக வெளியிட்டுள்ளது.

நான்காம் வகை, இலவச அரசு அட்டைக்குப் பணம் பெறுதல். ஆயுஷ்மான் அட்டை இலவசமாக வழங்கப்படுகிறது. பட்டியலில் பெயர் சேர்ப்பதாகக் கூறி இடைத்தரகர் பணம் கேட்டால் அது மோசடியே.

ஐந்தாம் வகை, மெய்யான பாலிசியைப் பொய்யான விளக்கத்துடன் விற்றல். காத்திருப்புக் காலம், அறை வாடகை வரம்பு, விலக்கப்பட்ட சிகிச்சைகள் ஆகியவற்றைச் சொல்லாமல் விடுவதும், முன்னரே உள்ள நோயை விண்ணப்பத்தில் எழுத வேண்டாம் என அறிவுறுத்துவதும் இதில் அடங்கும். முகவரின் சொல்லைக் கேட்டு நோயை மறைத்தவர், பின்னர் இழப்பீட்டை இழக்க நேரிடுகிறது.

திட்டத்தினுள் நிகழும் முறைகேடு

வாங்குவோர் மட்டுமே ஏமாற்றப்படுவதில்லை, பொதுநிதியும் ஏமாற்றத்திற்குள்ளாகிறது. ஆயுஷ்மான் திட்டத்தைப் பற்றி 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை இவ்வகையில் கற்கத்தக்க பாடமாகும். ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகளின் பெயருக்கு எதிரே ஒரே கைப்பேசி எண் பதியப்பட்டிருந்தது. அந்த எண்ணும் ஒன்பது என்னும் இலக்கம் பத்து முறை அமைந்தது. 43,197 குடும்பங்களில் உறுப்பினர் எண்ணிக்கை 11 முதல் 201 வரை எனக் காணப்பட்டது. இறந்துவிட்டதாக முன்னரே பதிவான 3,446 நோயாளிகளின் பெயரில் மீண்டும் சிகிச்சை நடந்ததாக ரூ.6.97 கோடி வழங்கப்பட்டிருந்தது.

இவை அனைத்தும் மோசடியே எனக் கொள்ளுதல் பொருந்தாது; பதிவேட்டைக் கவனமின்றி நிரப்பியதாலும் சில நேர்ந்திருக்கலாம். ஆனால் பிழையான பதிவேடே மோசடிக்குக் கதவைத் திறந்து வைக்கிறது. தொலைபேசி எண் தவறாயின், தம் பெயரில் சிகிச்சைப் பணம் எடுக்கப்பட்டதைப் பயனாளி அறிய வழியில்லை. தம் கணக்கில் எஞ்சியிருக்க வேண்டிய தொகை குறைந்திருப்பதை, மெய்யாகவே நோயுறும் நாளில்தான் அவர் காண நேரிடும். தேசிய சுகாதார ஆணையம் மோசடித் தடுப்புப் பிரிவு அமைத்து, ஆதார் வழி அடையாளச் சோதனை, சந்தேகத்திற்குரிய கோரிக்கைகளைக் கணினி கொண்டு பிரித்தறிதல் ஆகியவற்றை மேற்கொண்டு வருகிறது.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

ஒன்று: விற்கும் நிறுவனம் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்றதா என்பதை அறிய வேண்டும். ஆணையத்தின் இணையதளத்தில் இப்பட்டியல் உள்ளது.

இரண்டு: ஒவ்வொரு காப்பீட்டுத் திட்டத்திற்கும் தனி அடையாள எண் உண்டு. பாலிசியில் அது அச்சிடப்பட்டிருக்க வேண்டும்.

மூன்று: பணத்தை நிறுவனத்தின் பெயருக்கே காசோலையாகவோ வங்கி வழியாகவோ செலுத்தி இரசீது பெற வேண்டும். பிரிமியம் வந்து சேராமல் நிறுவனம் பொறுப்பேற்கலாகாது என்பது 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64-வி.பி. பிரிவு. முகவர் வாங்கிய பிரிமியத்தை, விடுமுறை நாள் நீங்கலாக, 24 மணி நேரத்திற்குள் முழுமையாக நிறுவனத்திற்கு அனுப்ப வேண்டுமென்றும் அப்பிரிவு பணிக்கிறது. முகவரின் பையில் தங்கிய பணம் எவரையும் காப்பதில்லை.

நான்கு: விண்ணப்பத்தை முகவரிடம் விட்டுவிடாமல், நோய் விவரங்களை உண்மையாக எழுதிக் கையொப்பமிட்டு, படி ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்து: பாலிசி கைக்கு வந்ததும் நிறுவனத்தின் அலுவலகத்திற்கோ அதன் பொதுத் தொலைபேசிக்கோ தாமே தொடர்புகொண்டு, எண்ணைச் சொல்லி உறுதி செய்துகொள்ள வேண்டும். ஓராண்டும் அதற்கு மேலும் செல்லுபடியாகும் பாலிசியைப் படித்துப் பார்த்து, பிடிக்காவிடில் 30 நாட்களுக்குள் திருப்பி அளிக்க உரிமை உண்டு.

குறை தீர்க்கும் வழிகள்

பணமின்றிச் சிகிச்சை பெறும் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திற்குள்ளும், வீடு திரும்புவதற்கான இறுதி ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்திற்குள்ளும் நிறுவனம் முடிவு கூற வேண்டுமென 2024 மே மாதத்தில் ஆணையம் பணித்தது. இழப்பீடு மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் எழுத்து மூலம் முறையிட வேண்டும். ஒரு மாதத்திற்குள் விடை வராவிடினும், வந்த விடை நிறைவளிக்காவிடினும், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். இதற்குக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. ரூ.50 லட்சம் வரையிலான இழப்பீட்டை வழங்க ஆணையிடும் அதிகாரம் 2023 நவம்பரில் அவருக்கு அளிக்கப்பட்டது. ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்திலும் 155255 என்னும் எண்ணிலும் புகார் பதியலாம். ஆயுஷ்மான் திட்டம் குறித்து 14555-இல் விசாரிக்கலாம். பணம் பறிபோயிருப்பின் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணுக்கு உடனே தெரிவித்தல் வேண்டும். எவ்வளவு விரைவில் தெரிவிக்கப்படுகிறதோ, பணத்தை வங்கியிலேயே நிறுத்தி வைக்கும் வாய்ப்பு அவ்வளவு மிகுதி.

இவ்வழிகள் ஏட்டளவில் நின்றுவிடாமல் மக்களைச் சென்றடையச் செய்வதில் களப்பணி அலுவலரின் பங்கு பெரிது. கிராம சபைக் கூட்டத்தில் பயனாளிகள் பட்டியலைப் படித்துக் காட்டுதல், அட்டை இலவசம் என்பதை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைத்தல், பதிவின்போது மெய்யான தொலைபேசி எண்ணைக் கேட்டு எழுதுதல், மகளிர் சுய உதவிக் குழுக்களில் ஒரு பாலிசியை எடுத்து வைத்து அதன் நிபந்தனைகளைத் தாய்மொழியில் விளக்குதல் ஆகியவை பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவை.

காப்பீடு நம்பிக்கையின் மேல் நிற்கும் ஏற்பாடு. ஒரு தெருவில் ஒரு குடும்பம் ஏமாற்றப்பட்டால், அத்தெருவின் பிற குடும்பங்கள் நல்ல திட்டத்திலும் சேரத் தயங்கும். சேருவோர் குறைந்தால், முன்னர்க் கண்ட கணக்கின்படி, சேர்ந்தோரின் சுமை கூடும். ஆதலின், போலிகளை ஒழிப்பது விரிவாக்கப் பணியின் ஓர் உறுப்பே ஆகும். பரந்த சேர்க்கையும் பழுதற்ற பதிவேடும் ஒருங்கே அமையும்பொழுதுதான், நோய் வந்த வீட்டில் கடன் புகாமல் காக்கும் அரணாக மருத்துவக் காப்பீடு விளங்கும்.